விபத்து நடக்கவில்லை என்பதே பாதுகாப்பா?



பத்து பாகாட்டில் ஒரு குடும்பம் தமிழ்நாட்டுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். பெட்டிகளை வண்டியில் ஏற்றி, ஆயர் ஈத்தாம் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, விமான நிலையம் போய்ச் சேரும் வரை அந்த வீட்டுப் பாட்டி கேள்வி மேல் கேள்வி கேட்பார். டயர் நன்றாக இருக்கிறதா? ஓட்டுகிற பிள்ளை இரவு தூங்கினானா? மழையில் ஏன் இவ்வளவு வேகம்? ஆனால் விமானத்தில் ஏறி இருக்கை வாரைக் கட்டியதும் பாட்டியின் கேள்விகள் நின்றுவிடும். அங்கே அவர் யாரிடம் கேட்பது? அவருக்காக அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துடையது. அது சரியாகக் கேட்கிறதா என்பதை எப்படி அளப்பது? இதுதான் இன்றைய தலைப்பு.

பலரும் உடனே சொல்லும் பதில், "விபத்து இல்லையென்றால் பாதுகாப்பு இருக்கிறது" என்பதாகும். ஒரு காலத்தில் இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தியது. 1977-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 27-ஆம் தேதி சுபாங்கில் தரையிறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா தோட்டத்தில் விழுந்து 34 பேர் மாண்டனர். பத்து வாரத்துக்குள், டிசம்பர் 4-ஆம் தேதி, கடத்தப்பட்ட மலேசிய விமானம் நம் ஜொகூர் மாநிலத்தின் தஞ்சோங் கூப்பாங்கில் நொறுங்கியது. அதிலிருந்த 100 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பயணிகள் ஜெட் விமானச் சேவைகளில் விபத்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அப்படியானால் வானம் முழுப் பாதுகாப்பாகிவிட்டதா? அடுத்த ஆண்டே, 2018 அக்டோபரில், இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே போயிங் 737 மேக்ஸ் ரகம் விழுந்து 157 பேர் இறந்தனர். கோளாறு 2017-இலேயே இருந்தது. விபத்துக் கணக்கில்தான் அது தெரியவில்லை.

ஆகவே, விழுந்த விமானங்களை எண்ணுவது போதாது. கண்காணிப்பவரையே கண்காணிக்க வேண்டும். நம் ஊரில் பேருந்தையும் லோரியையும் புஸ்பாகோமுக்குக் கொண்டு போகிறோம். அங்கே சோதிக்கிறவருக்குப் பிரேக்கைப் பற்றித் தெரியாவிட்டால் அவர் தரும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1999 முதல் இப்படித்தான் ஒவ்வொரு நாட்டையும் தணிக்கை செய்கிறது. அது எட்டு அம்சங்களைப் பார்க்கிறது. சட்டம் இருக்கிறதா, விதிமுறைகள் உண்டா, அமலாக்கும் அமைப்பு இருக்கிறதா, தகுதியான ஆள்கள் உள்ளார்களா, அவர்களுக்குத் தொழில்நுட்ப வழிகாட்டி உண்டா, உரிமம் முறையாக வழங்கப்படுகிறதா, அதன்பின் கண்காணிப்பு தொடர்கிறதா, கண்ட குறை தீர்க்கப்படுகிறதா? இவற்றில் எத்தனை விழுக்காடு நடைமுறையில் உள்ளது என்பதே ஒரு நாட்டின் மதிப்பெண்.

இந்த வகைப் பரீட்சையில் மலேசியா ஒரு முறை தவறியது. 2019 நவம்பரில் அமெரிக்கக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம், நம் நாட்டை முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. அந்த ஆண்டு நம் பயணிகள் விமானம் எதுவும் விழவில்லை. இறக்கப்பட்டது விமான நிறுவனங்கள் அல்ல, அவற்றை மேற்பார்வை செய்யும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம். தொழில்நுட்ப அறிவு, பயிற்சி பெற்ற பணியாளர், பதிவேடு, ஆய்வு முறை போன்ற துறைகளில் குறை இருந்தால்தான் இந்தத் தரக்குறைவு வரும். அதனால் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க வழியில்லாமல் போனது. பழைய நிலைக்குத் திரும்ப 2022 அக்டோபர் வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. இந்தியாவும் 2014 ஜனவரியில் இதே அடியை வாங்கி, முழுநேர ஆய்வாளர்களைச் சேர்த்த பிறகு 2015 ஏப்ரலில் மீண்டது.

மேற்பார்வையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எம்எச்370 சாட்சி. 2014 மார்ச் 8-ஆம் தேதி பின்னிரவு 1.21-க்கு அந்த விமானம் ராடார் திரையிலிருந்து மறைந்தது. மீட்பு ஒருங்கிணைப்பு மையம் முடுக்கிவிடப்பட்டது அதிகாலை 5.30-க்கு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் நடைமுறையைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று 2018 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அன்றைய ஆணையத் தலைவர் பதவி விலகினார். அந்தக் கட்டுப்பாட்டாளர்கள் வேலை செய்தது, விதிகளை அமலாக்கும் அதே இலாகாவின் கீழ்தான். தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தும் ஆசிரியரின் நிலை அது.

தீர்ப்புச் சொல்லும் அமெரிக்கா மட்டும் உத்தமமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 737 மேக்ஸ் விமானத்துக்குச் சான்றளிக்கும் வேலையில் பெரும் பகுதியைப் போயிங் ஊழியர்களிடமே அந்த நிர்வாகம் ஒப்படைத்திருந்தது. 346 உயிர்கள் போன பிறகு, 2020 டிசம்பரில்தான் சட்டம் இறுக்கப்பட்டது. வேலி எந்த நாட்டில் சாய்ந்தாலும் பயிருக்குச் சேதம்தான்.

நல்ல உதாரணமும் நம்மிடம் உண்டு. 2024 ஆகஸ்டில் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் தொழில்நுட்பக் கோளாறுகள் அடுத்தடுத்து வந்தன. ஆணையம் ஆராய்ந்து, பணியாளர் பற்றாக்குறையையும் பாகங்களின் கோளாறையும் கண்டறிந்து, நிறுவனத்தின் மூன்றாண்டு இயக்க உரிமத்தை ஓராண்டாகக் குறைத்தது. அந்நிறுவனம் சேவைகளைக் குறைத்துக் கொண்டது. பயணிகள் சிரமப்பட்டார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் யாரும் சாகும் முன்பே கண்காணிப்பாளர் கை நீட்டித் தடுத்தார். இதைத்தான் பாதுகாப்பு என்று எண்ண வேண்டும்.

ஆகவே பொதுமக்கள் கேட்க வேண்டியது மலிவு டிக்கெட் மட்டுமல்ல. ஆய்வாளர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்களா? விமான நிறுவனம் தரும் சம்பளத்தைப் பார்த்து அவர்கள் ஆணையத்தை விட்டுப் போய்விடாதபடி ஊதியம் உண்டா? கண்டுபிடித்த குறைகளில் எத்தனை தீர்க்கப்பட்டன? இக்கேள்விகளை ஒவ்வொரு தொகுதி மக்களும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுப்பலாம். பத்து பாகாட் மக்களும் எழுப்பலாம்.

இருக்கை வாரைக் கட்டிக்கொண்ட பாட்டி மௌனமாகிவிடுகிறார். அவர் விட்ட இடத்திலிருந்து கேள்வியைத் தொடர்வது மற்றவர்களின் கடமை.