படம் கீறப் போன நாங்கள் நால்வர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ பிரஷர் பற்றியோதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதற்கு விடுமுறை. ஒரே வகுப்பில் படித்த நாங்கள் நாலு பேர், நாற்பது வயதுக்குப் பிறகு வெளியில் இருந்து படம் கீறத் தொடங்கிய கதையைச் சொல்லத்தான் இந்த மேடை. எங்களில் ஒருத்தி டொக்டர், ஒருத்தி கணித ஆசிரியை, ஒருத்தி வங்கியில், ஒருத்தி தையற்கடை வைத்திருக்கிறாள். ஓவியம் படித்தவர் ஒருவரும் இல்லை. சாதாரண தரத்தோடு சித்திரக் கொப்பியை மூடி வைத்தவர்கள்தான் எல்லோரும்.

அந்தக் கொப்பியில் என்ன கீறினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு காகம். எங்கள் ஊரைப் பாருங்கள். நிலம் ஒரு கழுத்துப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. காலையில் டச்சுக் குடாப் பக்கம் சூரியன் எழும்பும். மாலையில் உட்துறைமுகப் பக்கம் இறங்கும். இரண்டுக்கும் இடையில் கொஞ்ச நேர நடை. இப்படி ஓர் ஊரில் பிறந்துவிட்டு, காணாத மலையைக் கீறிக் கொண்டிருந்தோம்.

அது எங்கள் பிழை மட்டும் அல்ல. தொண்ணூறுகளில் துறைமுகக் கரையில் ஒரு பிள்ளை கொப்பியும் பென்சிலுமாக இருக்க முடியுமா? சோதனைச் சாவடியில் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் வந்த காலம். கப்பலும் இறங்குதுறையும் கீறிய ஒரு தாள் பைக்குள் இருந்தால் யாருக்கு என்ன விளக்கம் சொல்வது? ஒருத்தியின் அம்மா அப்படி ஒரு படத்தை அடுப்பில் போட்டார். "படிப்பு முடியும் வரைக்கும் கடலைப் பாராதே பிள்ளை" என்றார். நாங்களும் பாராமலே வளர்ந்தோம்.

கொரோனாக் காலம் முடிந்த பிறகு, களைத்துப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நால்வரும் டச்சுக் குடாக் கரையில் கூடினோம். நீர்வர்ணம், தடித்த தாள், ஒரு போத்தல் தண்ணீர், தொப்பி. அவ்வளவுதான். வெளியில் இருந்து கீறுவதற்கு முதலில் வேண்டியது கூச்சத்தை விடுவது. "மிஸ், என்ன அளக்கிறீங்க?" என்று மீன்காரர் கேட்பார். இரண்டாவது, அவசரம். சூரியன் எங்களுக்காக நிற்காது. ஒரு மணி நேரத்தில் நிழல் இடம் மாறிவிடும். அதனால் நிழலை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, காற்று. விடியலில் கடல் ஈரத்தில் வர்ணம் காயாது. கச்சான் வீசும் மாதங்களில் தூரிகையை எடுக்கும் முன்பே காய்ந்துவிடும். நான்காவதை ஒரு புத்தகமும் சொல்லாது: மான். எங்கள் ஊர்ப் புள்ளிமான்கள் தாள் தின்னும் என்று தெரிந்தும், காய வைத்த முதல் படத்தைக் கரையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது அரைவாசி வானம் இல்லை.

இதெல்லாம் புதிய பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வர்ணத்தைத் தகர ரியூப்பில் அடைக்கும் வழியை ஜோன் ராண்ட் என்ற அமெரிக்கர் 1841இல் கண்டுபிடித்த பிறகுதான் ஓவியர்கள் எண்ணெய் வர்ணத்தை இலகுவாக வெளியில் தூக்கிப் போனார்கள். மோனே 1872இல் லு ஹாவ்ர் துறைமுகத்தின் ஒரு விடியலைத் தீட்டினார். ஓர் ஓவிய இயக்கத்துக்கே பெயர் கொடுத்தது அந்தப் படம். அதுவும் ஒரு துறைமுகம்தான். எம்மவரிலும் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்னாளில் மாற்கு மாஸ்டர் நடத்திய கழகத்தின் பெயரே விடுமுறைக்கால ஓவியர் கழகம். விடுமுறைக்கு மட்டும் ஓவியராக இருப்பதில் வெட்கம் இல்லை என்று அந்தப் பெயர் எங்களுக்குச் சொன்னது.

இரண்டு வருடங்களுக்கு முன் துணிந்து கொழும்புக் கலா பொலவுக்குப் போனோம். பொல என்றால் சிங்களத்தில் சந்தை. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தை அது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறீன் பாத் என்று பழையவர்கள் சொல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கம், மர நிழலில் நாடெங்கும் இருந்து வரும் ஓவியர்கள் கடை விரிப்பார்கள். பழைய சேலைகளில் சுற்றிய பத்தொன்பது படங்களோடு இரவு ரயிலில் போய் இறங்கினோம். பக்கத்துக் கடைக்காரர்களின் படங்களைக் கண்டதும் திரும்பிப் போகலாமோ என்றிருந்தது. "இது நீங்கள் வரைந்ததா?" என்று கேட்டவர்களிடம் முதல் இரண்டு மணி நேரமும், "நாங்கள் ஓவியர் இல்லை, ஒருத்தி டொக்டர், ஒருத்தி ஆசிரியை" என்றுதான் பதில் சொன்னோம். தொழிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டோம்.

பின்னேரம் ஐம்பத்தைந்து வயதளவில் ஒருவர் வந்தார். உட்துறைமுகத்தில் சூரியன் இறங்கும் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். நாலு வருடம் எங்கள் ஊரில், அந்தக் கரையிலேயே மாலைக் காவல். சிங்களமும் கொஞ்சத் தமிழுமாகச் சொன்னார்: படம் நன்றாக இருக்கிறது, ஆனால் சூரியன் பிழையான இடத்தில் நிற்கிறது. மலை மழைக்காலப் பச்சையில் இருக்கிறது. அப்படியென்றால் மார்கழி. மார்கழியில் சூரியன் இன்னும் இடப்பக்கம் தள்ளித்தான் இறங்கும். நீங்கள் வைத்திருப்பது வருட நடுப்பகுதிச் சூரியன் என்று விரலால் காற்றில் காட்டினார்.

அவர் சொன்னது சரி. ஆடியில் தொடங்கிய படத்தை மார்கழியில் முடித்திருந்தோம். பிறந்த ஊரின் சூரியனை எங்களைவிட அவர் நன்றாகப் பார்த்திருந்தார். வயதைப் பார்த்தால், எங்கள் புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போகும்போது, "நீங்கள் அந்த ஊர்தானே, வரைந்தது நீங்கள்தானே?" என்று கேட்டார். முதல் தடவையாக, "ஓம், நாங்கள்தான் கீறினோம்" என்றோம்.

அன்று விற்றது இரண்டு சின்னப் படம். உட்துறைமுகப் படத்தை விற்கவில்லை. போன மார்கழியில் அதே இடத்தில் போய் இருந்து, சூரியனை அதன் இடத்தில் வைத்துப் புதிதாகக் கீறினோம்.

நாங்கள் டொக்டர்மார் ஒரு கிளினிக்கில் நூறு பேரைப் பார்ப்போம். பார்க்கிறோம் என்றுதான் சொல்லுவோம். கோப்பைப் பார்ப்போம், அறிக்கையைப் பார்ப்போம். கரையில் இருந்து பழகிய பிறகுதான் முதலில் முகத்தைப் பார்க்கிறோம். அரை நிமிடம் கூடுதலாகச் செல்கிறது. அது வீண் போகவில்லை.

அதனால் இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் எமக்கு ஒரு வேண்டுகோள். கட்டடம் கட்டுங்கள், நல்லது. அதோடு தவணைக்கு ஒரு சனிக்கிழமை, ஆசிரியைகளோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்புங்கள். நாற்பது பலகை, தாள், வர்ணம், குடிதண்ணீர் போதும். மாணவியரில் பெரும்பாலானவர்கள் ஓவியராக மாட்டார்கள். பரவாயில்லை. எங்களுக்குக் கிடைக்காத அந்தக் கடலை அவர்கள் பதினைந்து வயதில் பார்த்துவிடட்டும்.

ஊருக்கு வரும் அக்கா தங்கையருக்கும் ஓர் அழைப்பு. சனிக்கிழமை காலை ஆறு மணி, டச்சுக் குடாக் கரை. தூரிகை இல்லாவிட்டால் நாங்கள் தருகிறோம். படத்தை மட்டும் மான் எட்டாத இடத்தில் வையுங்கள்.