நமக்குப் பின் அவர்கட்கு ஓர் இல்லம்



அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்கு 40 வயதாகும்போது நமக்கு 70 ஆகிவிடும். இதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தில்லி ரோகிணியில் அரசு நடத்தும் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலையில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் அங்கிருந்தது. நெரிசலைக் குறைக்குமாறு உயர்நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது.

ஆகவே, இல்லம் பார்க்கச் செல்வோர் கட்டடத்தின் பொலிவைக் கண்டு திரும்புதல் போதாது. உணவு வேளையில், முன்னறிவிப்பின்றிச் செல்லுதல் வேண்டும். இரவில் விழித்திருந்து கவனிப்போர் எத்தனை பேர்? வலிப்பு மருந்து வேளை தவறாது கொடுக்கப்பட்டதற்குக் குறிப்பேடு உண்டா? அங்குள்ளோர் தத்தம் உடையைத் தாமே தெரிந்து உடுத்துகின்றனரா, அன்றி ஒரே குவியலிலிருந்து எடுத்து மாட்டப்படுகின்றதா? இவ்வொன்றே நமக்குப் பலவற்றையும் உணர்த்திவிடும்.

நம்மவர்க்கு வேறோர் இடரும் உண்டு. தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவன் 'வயிறு வலிக்கிறது' என்றால், இந்தி மட்டும் அறிந்த பணியாளர்க்கு அது வெறுங்கூச்சல். அவன் வழங்கும் சொற்களைப் பொருளுடன் இந்தியில் எழுதிக் கொடுத்தல் நம் கடமை.

மகனுக்கு 18 வயது நிறைந்தபின், தந்தை என்பதனாலேயே ஒருவர் சட்டப்படி பாதுகாவலர் ஆகார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தல் வேண்டும். படிவத்தை நிரப்ப நம் சங்கம் உதவும். இல்லங்களில் வாழும் நம்மவரை மாதம் ஒரு ஞாயிறன்று கண்டு, தமிழில் உரையாடி வர, இருவர் இருவராகப் பெயர் தருமாறு வேண்டுகிறோம்.