போதும் என்பதும் அன்புச் சொல்லே

(பங்கின் பொன்விழா ஆண்டையொட்டி நடந்த குடும்ப நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் விருந்து இல்லாமலா? கோவில் வளாகத்தில் அசனம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் மணம் இதுவரை வருகிறது. இந்த வேளை பார்த்து உணவைக் குறைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறாரே சாமியார் என்று நீங்கள் மனத்துக்குள் கடிந்துகொள்ளக்கூடும். இன்றைய அசனத்தில் ஒரு பருக்கையைக்கூடக் குறைக்கும்படி நாம் கேட்கப்போவதில்லை. விருந்து ஆண்டுக்குச் சில நாட்கள்தாம். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களைப் பற்றியே நம் பேச்சு.

நம் பழைய உபதேசியாரை நீங்கள் அறிவீர்கள். பல ஆண்டுகள் வீடு மந்திரிக்க அவரும் நாமும் சேர்ந்தே சென்றோம். ஒரு நாளைக்குப் பத்து வீடுகள் என்றால் பத்துக் காப்பி. "சாமி, எங்க வீட்ல மட்டும் குடிக்க மாட்டீங்களா?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டால் மறுக்க முடியுமா? அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் அவர் தயங்கியபோது, "குடித்துவிடுங்கள், அவர்கள் மனம் நோகும்" என்று நாமே சொன்னோம். பின்னர் 2019-ஆம் ஆண்டில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. காப்பி ஒன்றே காரணம் என்று கூறமாட்டோம். மாத்திரையை அவ்வப்போது விட்டதும், காலில் பட்ட காயத்தைக் கவனியாததும் காரணங்களே. ஆயினும் அந்தப் பத்து வீட்டாரும் நாமும் அன்பின் பெயரால் செய்தது அன்பாக இல்லை என்பதை மறைக்க முடியவில்லை. இன்று அவர் கடைசி வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறோம்.

அந்தப் பத்துக் காப்பியைக் கணக்கிடுவோம். உணவு தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் அளக்கிறார்கள். சர்க்கரையும் மாவுப்பொருளும் கிராமுக்கு 4 கலோரி தரும். எண்ணெயும் நெய்யும் 9 தரும். காப்பிக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் பத்துக் காப்பிக்கு 20 தேக்கரண்டி. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால் 100 கிராம் சர்க்கரை, அதாவது 400 கலோரி. ஏறத்தாழ 300 கிராம் சோற்றுக்கு அது சமம். சாப்பிட்ட நினைவே இல்லாமல் ஒரு வேளைச் சோறு உள்ளே போய்விடுகிறது! சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த அறிவுரை. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பலர் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். ஆனால் இன்று பாவத்தைப் பற்றியல்ல, பழக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். பழக்கத்தை அதட்டி மாற்ற முடியாது. தவக்காலத்தில் பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் இரு மடங்கு உண்பவர்களைக் கண்டிருக்கிறோம். வயிற்றை ஏமாற்றினால் அது வட்டியோடு வசூலித்துவிடும். ஆகவே பிடித்தமான பண்டத்தை விட வேண்டாம். நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போவதை மட்டும் குறைப்போம்.

முதலில் காப்பி, தேநீர். இரண்டு கரண்டி சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு கலகம் செய்யும். வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்தால் ஒரு மாதத்தில் ஒரு கரண்டிக்கு வந்துவிடலாம், நாக்கும் பழகிவிடும். நாம் இப்போது அரைக் கரண்டியில் நிற்கிறோம். பழைய காப்பியைக் கொடுத்தால் பாயசம் போலிருக்கிறது. கருப்பட்டியும் வெல்லமும் சுவையில் வேறு. ஆனால் கலோரியில் சர்க்கரைக்குக் கிட்டத்தட்டச் சமமே. "கருப்பட்டிதானே" என்று கூடுதலாகப் போட வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால் ஆளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 275 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. 3 லிட்டராகக் குறைத்தால் ஆளுக்கு 70 கலோரி மிச்சம், பணமும் மிச்சம். சீசாவைத் தோசைக்கல்லின் மேல் அப்படியே சாய்க்கக் கூடாது. தேக்கரண்டியால் அளந்து விட வேண்டும். நம் குசினியில் செய்த மாற்றம் இது ஒன்றே. தோசையின் முறுகல் குறையவில்லை. பூரியையும் வடையையும் ஒழிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அருமையும் கூடும். தேங்காய்ச் சட்னியை ஒரு நாளும், தக்காளி அல்லது புதினாச் சட்னியை மறுநாளும் அரைக்கலாம்.

மூன்றாவது சோறு. சாம்பார், ரசம், மோர் மூன்றும் இருக்கட்டும். மூன்றுக்கும் ஒரே அளவு சோறு எதற்கு? ரசத்துக்கும் மோருக்கும் சிறு கரண்டியால் ஒன்று போதும். குறைத்த இடத்தில் கீரையோ, அவரையோ, வெண்டையோ இரு மடங்கு வையுங்கள். உட்கார்ந்தவுடன் முதலில் காய்கறியை உண்ணுங்கள். வயிறு நிறைந்த உணர்வு வரச் சிறிது நேரம் பிடிக்கும்; அவசரமாக உண்பவர் அதற்குள் இரண்டாம் முறை பரிமாறச் சொல்லிவிடுகிறார்.

நான்காவது மாலை நேரம். 100 கிராம் முறுக்கிலோ மிக்சரிலோ 500 கலோரி அளவில் இருக்கும். அதே எடை வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 160 அளவில்தான் இருக்கும், பசியும் தணியும். முறுக்கு தின்ன ஆசையா? டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளாமல், தட்டில் இரண்டு எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள். ஒரு சிறு புட்டி இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். வெயிலுக்கு நீர்மோர் தோற்றுப்போகாது.

இவற்றில் இரண்டு மூன்றைக் கடைப்பிடித்தாலே நாளுக்கு இருநூறு கலோரி குறையலாம். எதையும் இழந்ததாகத் தோன்றாது.

ஓர் எச்சரிக்கை. இது எல்லாருக்கும் பொருந்தாது. வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மெலிந்த முதியோர், நாள் முழுதும் உடலுழைப்பவர்கள் ஆகியோரின் தட்டில் கை வைக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். நம் பங்கில் ஒரு வேளைச் சோற்றுக்கே பார்த்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குக் குறைக்கச் சொல்வது அநியாயம். அவர்கள் தட்டை நிரப்புவதே நம் கடமை.

இறுதியாக, தாய்மாரிடம் ஒரு விண்ணப்பம். "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியோடு நிற்பதில்தான் நம் வீட்டு அன்பெல்லாம் இருக்கிறது. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒருவர் இலைக்கு மேல் கையை நீட்டிப் "போதும்" என்றால், அவரை நம்புங்கள். விருந்தாளியிடம் "சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்று காப்பி கலக்கும் முன்பே கேளுங்கள். வருகிற முறை நாம் வீடு மந்திரிக்க வரும்போது ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவோம். அதுவே எமக்கு விருந்து.

உபதேசியாருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய சொல்லை இன்று உங்களுக்குச் சொல்கிறோம்: வேண்டாம் என்று தோன்றினால் குடிக்காதீர்கள். யார் மனமும் நோகாது.

அசனத்துக்கு மணி அடிக்கப்போகிறார்கள். மகிழ்ச்சியாக உண்ணுங்கள். ஆண்டவர் நம் பங்குக் குடும்பத்துக்கு நல்ல சுகமும் நீண்ட ஆயுளும் அருள்வாராக.