தொலைவிலிருந்து ஆடலும் பாடலும்



கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையைப் பூர்ணத்ரயீசர் கோயிலாலும், விருச்சிகத் திருவிழாவின் எட்டு நாள் மேளத்தாலும் அறிந்தோர் பலர். ராதா லட்சுமி விலாசம் என்பதன் சுருக்கமாக ஆர். எல். வி. என்று வழங்கும் இசை, நுண்கலைக் கல்லூரி இருப்பதும் இவ்வூரில்தான். வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம், பரதம், மோகினியாட்டம், கதகளி, செண்டை ஆகிய யாவும் அங்குப் பாடங்கள். 2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, ஏனைய கல்லூரிகளைப் போல் இதுவும் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. வரலாறு பயில்பவர் புத்தகத்தோடு வீட்டில் அமர்ந்துவிடலாம். செண்டை பயில்பவர் என் செய்வார்? அடுத்த வீட்டாரின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

அக்காலத்தில் கலை ஆசிரியர் பலர்க்கும் கைபேசியே வகுப்பறையாயிற்று. முகம் தெரிந்தது, குரலும் கேட்டது. ஆயினும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தாளம் போட முயன்றவுடன் குறை வெளிப்பட்டது. கூடி வாசிப்போரிடையே ஒலி ஏறக்குறைய 1/30 நொடிக்கு மேல் பிந்தினால் காலப்பிரமாணம் தளரத் தொடங்கும். அரங்கில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி நம்மை வந்தடையும் நேரம் அது. இணையவழியில் ஒலி பெரும்பாலும் அதனினும் பிந்தியே வரும். ஆசிரியர் சமத்தில் தட்ட, மாணவர் தட்டு அடுத்த இடத்தில் விழும். பிழை இருவருடையதும் அன்று. இன்னொரு வேடிக்கை: பேச்சைத் தெளிவாக்க அமைத்த நுட்பம், தம்புராவின் இடைவிடா நாதத்தை மின்விசிறி இரைச்சலென்று எண்ணி அடக்கிவிடும்!

வானொலியின் இசைப்பயிற்சியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருந்தது. அங்கே ஆசிரியர் பாடுவார். நிலையத்தில் உடனிருக்கும் மாணவர் திருப்பிப் பாடுவார். வீட்டிலிருப்போர் அவரோடு சேர்ந்துகொள்வோம். நம் பிழையை அவர் கேட்கமாட்டார்; அவ்வாறு எதிர்பார்த்தவரும் இலர். முன்கூட்டிப் பதிந்து அனுப்பிய பாடங்கள் நேர்முக வகுப்பினும் பல வேளை பயன்பட்டதன் காரணமும் இதுவே.

கதகளியின் நிலை வேறு. மழைக்காலம் உழிச்சிலுக்குரிய பருவம். எண்ணெய் பூசிப் படுத்திருக்கும் மாணவனின் உடலை, ஆசான் கம்பைப் பற்றிக்கொண்டு தம் பாதத்தால் அழுத்தி வளைவுக்குக் கொணர்வார். இடுப்பு எவ்வளவு இளகியது, முழங்கால் எங்கே முரண்டுகிறது என்பதை அப்பாதம் அறியும். 2020இன் மழைக்காலம் வந்தபோது, இவ்வறிவை அனுப்பக் கைபேசியில் வழி இல்லை.

கேரளக் கல்லூரிகள் 2021 சனவரியில் ஓரளவு திறந்து, இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, அக்டோபரில் திறந்தன. ஆனால் தொலைவழிக் கல்வி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்றும் சென்னை ஆசிரியரிடம் திரைவழியே பயில்கின்றனர். அவர்களுக்கு நாம் கூறுவது இது: தாளத்தை மாணவரே தனித்துப் போடட்டும், ஆசிரியர் கேட்டுத் திருத்தட்டும். கைபேசியைப் பாதமும் தெரியுமாறு தள்ளி வையுங்கள். முகம் சிறுத்தாலும் கேடில்லை. அரைமண்டி தளர்வது கால்களில்தான் தெரியும். விடுமுறைக்கு ஊர் செல்கையில், உறவினர் வீடுகளுக்குக் குறித்த நாள்களில் ஒரு பத்தை ஆசிரியர் வீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.