வாசற்காவலரின் ஒறுத்தல்



மொன்றியலில் வாழும் தமிழர்களில் புனித சூசையப்பர் பேராலயத்துக்கு ஒருமுறையாவது போகாதவர்கள் குறைவு. குயின் மேரி வீதியில், மலைச்சரிவில் எழுந்து நிற்கும் அந்தப் பச்சைக் குவிமாடத்தை நோக்கிக் கத்தோலிக்கர்களோடு திருநீறு பூசிய சைவர்களும் நேர்த்தி வைத்துப் போகிறார்கள். அடிவாரத்திலிருந்து 283 படிகள். நடுவே 99 மரப்படிகள், முழங்காலால் ஏறுவோருக்கென்றே விடப்பட்டவை. பிள்ளையின் படிப்புக்காக, அம்மாவின் நோய்க்காக, இழுபட்டுக்கொண்டிருக்கும் ஒரு வழக்குக்காக மனிதர்கள் அங்கே ஏறுகிறார்கள். அந்த வேண்டுதல்களில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உடலை வருத்தி நாம் பெற நினைப்பது என்ன? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தய வீரரைக் காட்டுகிறார். அந்நாளில் கொரிந்து நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். வென்றவரின் தலையில் சூட்டுவது வெறும் இலைகளால் பின்னிய முடி. சில நாளில் வாடிவிடும். வாடிப்போவதற்காக அவர்கள் அத்தனை கட்டுப்பாட்டோடு பயிற்சி செய்யும்போது, வாடாத முடியைத் தேடுகிற நாம் எப்படி இருக்க வேண்டும் என்று பவுல் கேட்கிறார். மொன்றியலில் இருப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். 1976 ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கொமனேச்சி முழுப் பத்துப் புள்ளி பெற்றது இந்த நகரத்தில்தான். சில நொடிச் சாகசத்துக்காக ஒரு சிறுமியின் பிள்ளைப் பருவமே பயிற்சியில் கழிந்திருந்தது.

பவுல் அந்த அதிகாரத்தை முடிக்கும் இடத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஊருக்கெல்லாம் போதித்த தானே கடைசியில் தகுதியற்றுப் போய்விடக் கூடாதே என்று அஞ்சித்தான் தன் உடலை அடக்கி வைப்பதாகச் சொல்கிறார். மற்றவனை முந்துகிற எண்ணம் அதில் இல்லை.

நம் பழக்கம் வேறு. தவக்காலம் வந்தால் மச்சம் தவிர்க்கிறோம், வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போகிறோம். பிறகு மாதாமாதம் சீட்டுக் கட்டியவர் போல, என் முறை எப்போது என்று கடவுளைக் கேட்கிறோம். மறுமை என்பதும் கட்டிய காசு வட்டியோடு கிடைக்கிற இடம் என்றே பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. இந்தக் கணக்கை இயேசுவே கலைத்துப் போட்டார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், விடியற்காலையிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் உழைத்தவனுக்கும், பொழுதுபடும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி. அப்படியென்றால் உடலை வருத்தும் ஒறுத்தல் எதற்கு? நான் அறிந்த மிகத் தெளிவான பதில், அந்தப் பேராலயம் எழக் காரணமான மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

அல்பிரட் பெசெட் 1845 ஆகஸ்ட் 9ஆம் திகதி கியூபெக்கின் ஒரு கிராமத்தில் பிறந்தார். வெட்டிய மரம் விழுந்து தந்தை இறந்தார். காசநோயால் தாய் இறந்தபோது அவருக்கு 12 வயது. படிப்பு இல்லை, உடம்பில் பலமும் இல்லை. பிழைப்புக்காக எல்லை தாண்டி அமெரிக்கப் பஞ்சாலைகளில் வேலை செய்தார். புலம்பெயர்ந்து வந்த நமக்கு இது தெரிந்த கதைதான். 1870இல் திருச்சிலுவைத் துறவற சபையில் சேர்ந்து ஆந்திரே என்ற பெயர் பெற்றார். நோயாளி என்று சபை தயங்க, ஆயர் இக்னாஸ் பூர்ஜே அவருக்குத் துணை நின்றார். 1874இல் ஆந்திரே நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்த வேலை, கோட்-டெ-நேஜில் இருக்கும் நோத்ர்-டாம் கல்லூரியின் வாசலைக் காப்பது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த வாசலிலேயே இருந்தார். செபத்தில் இருந்தாலும் மணி அடித்தால் எழும்ப வேண்டும். களைத்துச் சாய்ந்த நேரத்திலும் எழும்ப வேண்டும். தரை துடைத்தார், துணி துவைத்தார், ஆளுக்கு ஐந்து சதம் வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு முடி வெட்டினார். அந்தச் சதங்களும் சேர்ந்துதான் 1904இல் எதிர்ப்புற மலையில் முதல் சிறு மரக்கோயில் எழுந்தது.

நோன்பு நாளை நாமே தேர்ந்துகொள்ளலாம். வாசல் மணி எப்போது அடிக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் வாசல் காப்பது நோன்பிலும் கடினமானது என்று நினைக்கிறேன். சுகம் வேண்டி நோயாளிகள் அவரிடம் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியபோது ஆந்திரே சில வேளை சிடுசிடுத்தும் இருக்கிறார், பின்பு அதற்காக அழுதும் இருக்கிறார். ஆனாலும் மறுநாள் அதே இடத்தில் இருந்தார். சுகம் தருவது நீங்கள்தான் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்; எல்லாரையும் சூசையப்பரிடமே அனுப்பினார்.

பலனை அவர் கண்ணால் காணவில்லை. 1924இல் தொடங்கிய பேராலயக் கட்டுமானம் 1931இல் பணமில்லாமல் நின்றுபோனது. 1937 ஜனவரி 6ஆம் திகதி தம் 91ஆவது வயதில் அவர் இறந்தபோது கட்டடத்துக்கு மேலே குவிமாடம் இல்லை. குவிமாடம் முடிந்தது 1941இல். 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கத்தோலிக்க சமயத்துக்கு ஒல்லாந்தர் விதித்த தடைக்கு நடுவே மக்களைத் தேடிப்போன யோசப் வாஸ் அடிகளாரும் அந்தத் தடை நீங்குவதைக் காணாமலே 1711இல் கண்டியில் கண்மூடினார். ஆந்திரேயின் உடலுக்கு அஞ்சலி செய்யப் பனிக்காலக் குளிரில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் வந்தார்கள். 2010 அக்டோபர் 17இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இவையெல்லாம் அவருடைய வெகுமதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நம்பிக்கைக்குரிய பணியாளனுக்குத் தலைவன் கொடுப்பது என்ன? இன்னும் கூடுதல் பொறுப்பும், தன் மகிழ்ச்சியில் ஒரு பங்கும். நிலைவாழ்வு என்பது அந்த மகிழ்ச்சிதான் என்றால், பிறர் வருகையில் மகிழத் தெரியாதவனுக்கு அங்கே என்ன இருக்கும்? அடுத்தவர் வரும்போது முகம் சுளிக்காத மனத்தை இங்கேயே பழகிக்கொள்வதற்குத்தான் ஒறுத்தல். உணவைக் குறைப்பதும் உறக்கத்தைக் குறைப்பதும் அதற்குத் துணை நிற்கட்டும். நோன்பிருந்து வீட்டாரிடம் எரிந்து விழுந்தால் அந்த நோன்பால் யாருக்கும் பயனில்லை.

நேயர்களே, இரவு வேலை முடித்து வந்து களைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். இந்த நகரத்தின் அடுக்குமாடி வீடுகளில் பகல் முழுதும் தனியே இருக்கும் நம் முதியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் உங்களுக்கு எடுத்த அழைப்பு கைபேசியில் பதிலில்லாமல் இருக்கலாம். இன்றே அவருக்குத் திரும்ப எடுத்துப் பேசுங்கள்.