வாசல் வெளிச்சம்

புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிடித்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வாசலுக்கு வந்துவிடுவார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். அது அவர்களுக்குத் தெரியும்.

தலைக்குச் சாயம் வாங்கும்போது மட்டும் அட்டைப்பெட்டிப் படத்தை நம்பிவிடுகிறோம். அந்தப் படத்தில் இருப்பது வேறொருவர் முகம்.

ஒன்று செய்யுங்கள். கைக்கண்ணாடியோடு வாசலுக்கு வாருங்கள். கறுப்புத் துணி ஒன்று, காப்பிக்கொட்டை நிறத் துணி ஒன்று. மாற்றி மாற்றி முகத்தருகே பிடியுங்கள். எதில் முகம் தெளிகிறதோ, அதுதான் உங்கள் நிறம்.

வயது ஏற ஏறத் தோலும் மாறுகிறது. இருபதில் பொருந்திய கன்னங்கரேல் அறுபதில் தொப்பி வைத்தாற்போல் தெரியலாம். ஒரு படி இறங்கி, அடர் பழுப்பு பாருங்கள்.

பூசுவதற்கு இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பாருங்கள். அரித்தால் அந்தச் சாயமே வேண்டாம்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கன்னங்கரேல் என்று சாயம் பூசிக்கொண்டு வந்தார். பேரன் கேட்டான்: "தாத்தா, இது யாரோட முடி?"

அதனால், வாசல் வெளிச்சத்தில் பாருங்கள்.