அடுப்படியும் தொழிற்களமே

(கோலார் தங்கவயல், கோரமண்டலில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் ரயில் நிலையங்களில் விடியுமுன் கூடுபவர்களே இன்றைய தங்கவயல் தொழிலாளர்கள். கட்டுமானம், காவல் பணி, ஆயத்த ஆடை என்று பெங்களூருவுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் அவர்களில் ஒரு பகுதியினரை ஓட்டல் அடுப்படிகள் விழுங்கிக்கொள்கின்றன.

பகல் ஒரு மணி. மேசைகள் நிரம்பிவிட்டால் வருபவர் வாசலில் காத்திருப்பார். சுவிக்கி, சொமாட்டோ வழியாக வரும் ஆர்டருக்கோ மேசைக் கணக்கு கிடையாது. விற்பனை பெருகுகிறது, அடுப்பின் முன் நிற்கும் ஆட்கள் பெருகுவதில்லை. சப்ளையர் மாஸ்டரை விரட்டுகிறார். மாஸ்டர் உதவியாளரைத் திட்டுகிறார். உதவியாளர் பாத்திரம் கழுவும் பெண்மீது சீறுகிறார். கல்லா மட்டும் அமைதியாக நிறைகிறது. ஆள் பற்றாக்குறை என்னும் முதலாளியின் லாபக் கணக்கு, தொழிலாளிகளுக்கிடையே சண்டையாக உருமாறுகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சுரங்கத்தையும் உணவகத்தையும் ஒரே வரையறையில் விலக்கி வைத்தது. ஆனால் சுரங்கத்துக்கு 1952ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருந்தது. காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை, வேலையிடத்தில் 33.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அதன்கீழ் விதி வகுக்கப்பட்டது. அடுப்படிக்கு அத்தகைய தனிச் சட்டம் பிறக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பும் உணவகத்தைத் தொழிற்சாலை வரையறைக்கு வெளியிலேயே நிறுத்துகிறது.

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961இல் வந்தது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, இடைவேளை உட்பட வேலைநாள் 12 மணிக்குள் என்று அது கூறுகிறது. காலை 6 மணிக்கு அடுப்பு மூட்டியவரைப் பிற்பகலில் 'ஓய்வு' என்று அனுப்பி, இரவு 11 மணிவரை நிறுத்தினால் அது 17 மணி நேரம். அந்த ஓய்வு முதலாளி தந்த அறையில் கழிகிறது, வீட்டில் அல்ல.

சுரங்கத் தொழிலாளி பெற்ற உரிமைகள் கருணையால் கிடைத்தவை அல்ல. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரீந்த மண் இது.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. சுரங்கத்துக்கு ஒரே நிர்வாகம். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலில் திரண்டனர். அடுப்படியிலோ ஐந்து பேர், பத்துப் பேர். கேள்வி கேட்டவர் மறுநாள் வேலையிழக்கிறார். ஆகவே ஓட்டல் வாசலில் மட்டும் சங்கம் முளைக்காது. சிதறிக் கிடக்கும் அத்தொழிலாளர்கள் ஒன்றுசேரும் இடங்கள் ரயில் பெட்டியும், வார விடுமுறையில் திரும்பும் லைன் வீடுகளுமே. கிளைத் தோழர்களின் பணி அங்கே தொடங்குகிறது. வேலைக்கு நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், பெற்ற கூலி ஆகியவற்றை ஒவ்வொருவரும் நாள்தோறும் குறித்து வைக்கச் செய்வதே முதற்படி. அந்தக் குறிப்பேடுகள் ஒன்றுசேரும்போது தனிமனிதரின் முணுமுணுப்பு கூட்டுக் கோரிக்கையாகும்.